பசை வாளியைத் தூக்கு!

பாட்டு எழுதிவிட்டாய். பள்ளிமுனைப் பெருக்க மரத்தடியில் வீடியோ எடுத்துவிட்டாய். தெற்குக் கரையின் காற்றாலைகள் பின்னால் சுழல, கையை வீசி வீசிப் பாடினாய். யூடியூபில் ஏற்றினாய்.

பிறகு என்ன செய்தாய்?

போனைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டாய்!

காலையில் எழுந்ததும் அந்த எண்ணைப் பார்க்கிறாய். படுக்கும்போதும் பார்க்கிறாய். அது ஏறவில்லை. உன் முகம் தொங்கிப்போகிறது.

"எங்கட ஊரில ராப் ஆர் கேக்கப் போகினம்?" என்கிறாய். "கொழும்பில இருந்திருந்தா எப்பவோ முன்னுக்கு வந்திருப்பன்" என்கிறாய்.

நிறுத்து!

மன்னார் உன்னைக் கேட்கவில்லையா? மன்னாரின் காதருகே நீ போனாயா? பேசாலைச் சந்தியில் நின்றாயா? எருக்கலம்பிட்டியில் ஒரு கடைக்காரரிடம் "அண்ணா, இது என்ர பாட்டு, ஒருக்கா கேளுங்கோ" என்று கேட்டாயா? வங்காலையில் ஒரு சுவரிலாவது உன் பெயர் இருக்கிறதா?

எங்கும் இல்லை. ஆனாலும் தோற்றுவிட்டேன் என்கிறாய்!

களத்தில் கால் வைக்காதவன் எப்படித் தோற்பான்? தோல்வி என்பது உழைத்தவனுக்குக் கிடைக்கும் பட்டம். அதைக்கூட நீ இன்னும் சம்பாதிக்கவில்லை!

இதை வாசிக்கும் நீ பாடுகிறவனாக இல்லாமலும் இருக்கலாம். பாடுகிறவனின் நண்பனாக இருக்கலாம். தங்கையாக இருக்கலாம். அப்படியானால் இன்னும் கவனமாக வாசி. உன்னைத்தான் நான் தேடி வந்தேன்.

1973 ஆகஸ்ட் 11. நியூயோர்க்கின் பிரொங்க்ஸ் பகுதி. செட்விக் அவெனியூவில் 1520ஆம் இலக்கக் கட்டடம். ஜமேக்காவிலிருந்து குடியேறிய குடும்பம் ஒன்று. அந்த வீட்டுப் பிள்ளை சிண்டி காம்பெல்லுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கமுன் புது உடுப்பு வாங்கக் காசு வேண்டும்.

கட்டடத்தின் பொது மண்டபத்தை வாடகைக்குப் பிடித்தாள். அண்ணன் கிளைவை இசைத்தட்டு போட வைத்தாள். சின்னச் சின்ன அட்டைகளில் கையால் அழைப்பு எழுதினாள். பெண்களுக்கு 25 சதம், ஆண்களுக்கு 50 சதம். அக்கம்பக்கத்தில் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

அந்த அண்ணன்தான் டீஜே கூல் ஹேர்க். அந்த இரவைத்தான் உலகம் ஹிப் ஹாப்பின் பிறந்தநாள் என்று கொண்டாடுகிறது. 2023இல் அதன் ஐம்பதாவது ஆண்டைப் பெரிய பெரிய மேடைகளில் கொண்டாடினார்கள்.

விளம்பரக் கம்பனி எங்கே இருந்தது? வானொலி எங்கே இருந்தது? ஒரு தங்கச்சி, ஒரு பேனா, ஒரு கட்டு அட்டை. அவ்வளவுதான் இருந்தது!

நீ பாடும் இசை பிறந்ததே கையால் எழுதிய நோட்டீசில். அந்த நோட்டீசைத் தூக்க உனக்கு வெட்கமா?

"அது அமெரிக்கா. நாங்கள் ஒரு தீவுக்குள்ள கிடக்கிறம்" என்கிறாயா?

தீவைப் பற்றியே பேசுவோம். நியூயோர்க்கில் ஸ்டேட்டன் ஐலண்ட் என்று ஒரு தீவு இருக்கிறது. மன்ஹட்டனுக்குப் போக மக்கள் படகு ஏறுவார்கள். நகரமே அதை மறந்துவிட்டது என்று அந்தத் தீவுக்காரர்கள் இன்றும் குறைப்படுவார்கள்.

அந்தத் தீவை அடித்தளமாக வைத்துத்தான் வூ-டாங் கிளான் கிளம்பியது. 1992இல் முதல் பாட்டைச் சொந்தக் காசில் இசைத்தட்டாக அடித்தார்கள். கம்பனி வாசலில் காத்துக் கிடக்கவில்லை. வாகனத்தில் ஏற்றினார்கள். கடை கடையாக, வானொலி நிலையம் நிலையமாக அவர்களே கொண்டுபோனார்கள்.

பிறகுதான் லவுட் ரெக்கோர்ட்ஸ் அவர்களை எடுத்தது. அந்தக் கம்பனியை நடத்திய ஸ்டீவ் ரிஃப்கிண்டின் பலமும் தெருதான். ஊர் ஊராக இளைஞர்களைச் சேர்த்தார். கையில் போஸ்டரையும் ஸ்டிக்கரையும் கசெட்டையும் கொடுத்து முடிவெட்டும் கடைக்கும் கூடைப்பந்து மைதானத்துக்கும் அனுப்பினார். 'தெருப்படை' என்ற அந்த வேலைமுறையைப் பெரிய கம்பனிகள் எல்லாம் பிறகு பார்த்துப் பழகின.

கோடிக்கணக்கில் காசு வைத்திருந்த கம்பனிகள் கடைசியில் எங்கே வந்து நின்றன? சலூன் வாசலில்! நீ இன்றைக்கே போய் நிற்கக்கூடிய அதே வாசலில்!

சரி, நம்முடைய பிள்ளை ஒருத்தியைப் பார்.

மாதங்கி அருள்பிரகாசம். உலகத்துக்கு எம்.ஐ.ஏ. 1975இல் லண்டனில் பிறந்தார். கைக்குழந்தையாக யாழ்ப்பாணம் வந்தார். 1986 அளவில், யுத்தத்துக்குள்ளிருந்து தாயோடும் கூடப்பிறந்தவர்களோடும் அகதியாக லண்டனுக்குத் திரும்பினார். தாய் கலா உடுப்புத் தைத்துப் பிள்ளைகளை வளர்த்தார். அரசாங்கம் கொடுத்த தொகுதி வீட்டில் குடியிருப்பு. அங்கேதான் அந்தப் பிள்ளை ஆங்கிலம் பேசப் பழகியது.

இதில் எந்த இடத்தில் "எனக்கு வசதி இருந்தது" என்று அவர் சொல்லியிருக்க முடியும்? காட்டு பார்ப்போம்!

அவர் முதலில் பாடகிகூட இல்லை. சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக் கல்லூரியில் சினிமா படித்தார். அட்டையில் உருவம் வெட்டி, அதன் மேல் வர்ணம் விசிறும் ஸ்டென்சில் ஓவியங்கள் செய்தார். எலாஸ்டிகா என்ற இசைக்குழுவின் அமெரிக்கச் சுற்றுப்பயணத்துக்குக் கமெராக்காரியாகப் போனார்.

கவனி! அடுத்தவருடைய பயணம். அடுத்தவருடைய மேடை. இவர் கையில் கமெரா மட்டும்.

அந்தப் பயணத்தில்தான் பீச்சஸ் என்ற பாடகியின் கையில் 505 என்ற தாள இயந்திரத்தைப் பார்த்தார். ஒற்றை ஆளாக நின்று முழு மேடையையும் ஆட்டலாம் என்று கண்டார். லண்டன் திரும்பியதும் அதே இயந்திரத்தைக் கடன் வாங்கினார். கடன்! வாங்கி வைத்துத் தட்டித் தட்டித் தானாகவே பழகினார்.

2003இல் அவருடைய முதல் பாட்டு 'கலாங்' வெளிவந்தது. எத்தனை இசைத்தட்டு அடித்தார்கள் தெரியுமா? 500.

500! உன் ஊர்க் கோயில் திருவிழாவில் ஒரு கச்சான் கடையைக் கடந்துபோகும் சனம் அதைவிடக் கூட.

ஆனால் அந்த 500உம் போக வேண்டிய கைகளுக்குப் போயின. நடன மண்டபங்களில் இசைத்தட்டு போடுபவர்களின் கைகளுக்கு. அவர்கள் போட்டார்கள். கேட்டவர்கள் "இது ஆர்?" என்று கேட்டார்கள். அடுத்த ஆண்டே எக்ஸ்எல் ரெக்கோர்டிங்ஸ் அவரை ஒப்பந்தம் செய்தது.

முதல் தொகுப்பு வெளிவரத் தாமதமானது. இருந்துவிட்டாரா? இல்லை! 2004இன் கடைசியில் டிப்லோ என்ற டீஜேயோடு சேர்ந்து ஒரு மிக்ஸ்டேப் செய்தார். கடை விற்பனை எதுவும் இல்லாமல் அது கச்சேரிகளில் கைக்குக் கை போனது. இணையத்தில் பிரதிக்கு மேல் பிரதியாகப் பரவியது. 2005இல் தந்தையின் பெயரில் 'அருளர்' வந்தபோது அவரை எதிர்பார்த்து ஒரு கூட்டமே நின்றது. அட்டை ஓவியத்திலும் அவருடைய கைவண்ணம்.

அடுத்தது தாயின் பெயரில் 'கலா', 2007. அதில் சென்னையில் பதிவு செய்த உருமி மேளம் அதிர்கிறது. 2009 பெப்ரவரியில் நிறைமாதக் கர்ப்பிணியாகக் கிராமி மேடையில் பாடினார். அதே மாதம் ஏ.ஆர். ரஹ்மானோடு செய்த பாட்டு ஒஸ்கார் பரிந்துரைப் பட்டியலில் நின்றது.

அகதிப் பிள்ளை. கடன் வாங்கிய இயந்திரம். 500 தட்டு. இனி உன் சாக்கைச் சொல்லு!

"தமிழில செய்தா எடுபடாது" என்கிறாயா? மலேசியாவின் யோகி பி 2006இல் 'வல்லவன்' தொகுப்போடு கடல் தாண்டி வந்து தமிழ்நாட்டை ஆட்டினார். இலங்கையில் பிறந்த ஆர்யன் தினேஷ் கனகரத்தினம் 2013இல் 'கடல்' படத்தில் ரஹ்மான் இசையில் ராப் பாடினார். மும்பைத் தாராவியின் டோப்பாடெலிக்ஸ் குழுப் பையன்கள் 2018இல் 'காலா' படத்தில் முழங்கினார்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்து கனடாவில் வளர்ந்த ஷான் வின்சென்ட் டி போல் 2021இல் தன் தொகுப்புக்கு வைத்த பெயரே 'மேட் இன் ஜாஃப்னா'!

அவர் பிறந்த ஊரின் பெயரை நெஞ்சில் குத்திக்கொண்டு நிற்கிறார். நீ உன் ஊரின் பெயரைச் சொல்லக் கூசுகிறாய்.

சொல்ல விஷயம் இல்லையா உன் ஊரில்? இழுவைப் படகு வந்து வலையை அறுத்துக்கொண்டு போகிறதே, அது பாட்டில்லையா? காற்றாலையையும் கனிய மண் அகழ்வையும் எதிர்த்து 2025இல் சனம் தெருவில் இறங்கியதே, அது பாட்டில்லையா?

தாளம் இல்லையா? கரைவலை இழுக்கிற இடத்தில் போய் நில். ஒருவர் அம்பா எடுத்துக் கொடுப்பார். கயிற்றைப் பிடித்த அத்தனை பேரும் திருப்பிச் சொல்வார்கள். சொல்லிக்கொண்டே காலைப் பின்னுக்கு வைப்பார்கள். இழுவையின் பாரம் அந்தச் சொல்லில் ஏறி இறங்கும்.

உன் பாட்டின் பல்லவியும் அப்படித்தான் இருக்க வேண்டும்! முதல் தடவை கேட்டவன் இரண்டாம் தடவை கூடச் சேர்ந்து கத்த வேண்டும். மேடைக்குப் போகுமுன் அதைக் கரையில் பரீட்சை பண்ணு. வலை இழுக்கிற மனிதர் வாய்க்குள் முணுமுணுத்தால் பாட்டு வென்றது. அவர் உன்னைப் பார்த்து முகத்தைத் திருப்பினால், வீட்டுக்குப் போய்த் திருத்தி எழுது!

இப்போது வேலைக்கு வா.

உன் பயணம் தலைமன்னாரில் தொடங்கட்டும். பியர் ரயில் நிலையத்தில் தொடங்கட்டும். 1990இல் நின்றுபோன ரயில் 2015 மார்ச்சில்தான் அந்த இடத்துக்குத் திரும்பி வந்தது. கால் நூற்றாண்டு! தண்டவாளம் போட்டு, நிலையம் கட்டி, மறுபடி வந்தது.

அதே 1990இல், ஒக்ரோபரில், யுத்தத்துக்குள் ஊரைவிட்டு விரட்டப்பட்ட எருக்கலம்பிட்டிச் சனம் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போனது. ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்து பற்றையை வெட்டி, மறுபடி சுவர் எழுப்பியது. நீ நோட்டீஸ் கொடுக்கப் போகிற வாசல்கள் அப்படி எழுந்த வாசல்கள். அங்கே போய் நின்றுகொண்டு "எனக்குக் கஷ்டம்" என்று சொல்ல உனக்கு நா வருமா?

காசு இல்லையா? நோட்டீசுக்குப் பெரிய அச்சகம் வேண்டாம். ஒரு ஏ4 தாளை நாலாக மடி. நாலு நோட்டீஸ். கறுப்பு வெள்ளையில் போட்டோக் கொப்பி எடு. பெயர், பாட்டின் பெயர், நிகழ்ச்சி நடக்கிற இடம், நேரம், போனால் ஸ்கேன் பண்ணுகிற சதுரக் குறி. வேறு ஒன்றும் வேண்டாம். உன் கலை, தாகம், கனவு எல்லாம் பாட்டில் இருக்கட்டும். நோட்டீசில் எழுத்து பெரிதாக இருக்கட்டும்!

போஸ்டருக்குக் கோதுமை மா போதும். தண்ணீரில் கரைத்து அடுப்பில் வைத்துக் கிளறு. கட்டி விழ விடாதே. கரண்டியில் இருந்து நூலாக இறங்கும்போது இறக்கு. ஆறவிட்டு வாளியில் ஊற்று.

மே மாதத்தில் சோளகம் வீசத் தொடங்கினால் மன்னாரில் போஸ்டர் ஒட்டுவது லேசுப்பட்ட வேலை இல்லை. தாளை விரித்தால் காற்று பறிக்கும். மணல் வந்து பசையில் ஒட்டும். அதனால் சுவருக்கு முதலில் பசை பூசு. பிறகு தாளின் மேல் விளிம்பைப் பதி. உள்ளங்கையால் நடுவிலிருந்து வெளிப்பக்கம் தடவிக்கொண்டு வா. கடைசியில் தாளுக்கு மேலாலும் ஒரு பூச்சு. நாலு மூலையையும் அழுத்து. ஒரு மூலை விட்டாலும் விடியமுன் காற்று முழுத்தாளையும் உரித்துவிடும்!

சுவர்க்காரரிடம் கேட்டு ஒட்டு. கேட்பதற்குப் பயமா? அந்தக் கேள்விதான் உன் முதல் விளம்பரம்! "ஐயா, ஒரு போஸ்டர் ஒட்டட்டே?" என்றால் "என்ன போஸ்டர் தம்பி?" என்று அவர் கேட்பார். ஒரு மனிதர் உன்னைப் பற்றிக் கேட்டுவிட்டார்! யூடியூபில் இத்தனை நாளாக யார் உன்னைக் கேட்டார்கள்?

பஸ்ஸைப் பார். நம்முடைய தனியார் பஸ்களில் காலை முதல் இரவு வரை பாட்டு ஓடுகிறது. ஒவ்வொரு நாளும் அத்தனை காதுகளும் அந்த ஆசனங்களில் அசையாமல் உட்கார்ந்திருக்கின்றன. ஒரு பென் டிரைவில் உன் பாட்டைப் போடு. சாரதி அண்ணையிடமும் கொண்டக்டரிடமும் கொடு. தேநீர் குடிக்கும் நேரம் பார்த்துக் கொடு. பஸ் எடுக்கும் அவசரத்தில் கொடுத்தால் அது டாஷ்போர்ட்டில்தான் கிடக்கும். அடுத்த கிழமை போய்க் கேள். "போட்டீங்களோ அண்ணை?" அதற்கடுத்த கிழமையும் கேள்!

ஓட்டோக்காரர்களைத் தவற விடாதே. பின் ஆசனத்துக்குப் பின்னால் பெரிய ஸ்பீக்கர் பூட்டி வைத்திருக்கிறார்களே, அவர்களைப் போல இசைக்குப் பசித்தவர்கள் வேறு யார்? பாட்டில் பேஸ் அதிர்ந்தால் அவர்களே ஊரெல்லாம் கொண்டுபோவார்கள்.

ஒன்று யோசித்துப் பார். பின்னேரத்தில் பாண் ஓட்டோ வருகிறது. அந்த இசை கேட்டதும் பிள்ளைகள் வாசலுக்கு ஓடுகிறார்கள். அது பீத்தோவன் 1810இல் எழுதிய பியானோ இசை! ஜெர்மனிக்காரரின் பெயர் தெரியாத ஒழுங்கைகளிலும் அவருடைய இசையை மூன்று வயதுப் பிள்ளை அடையாளம் கண்டுபிடிக்கிறது. ஏன்? அது நாள் தவறாமல், அதே நேரத்துக்கு, வாசலுக்கு வருகிறது!

நீ எத்தனை வாசலுக்கு, எத்தனை நாள் போனாய்?

ஒலிபெருக்கி கட்டப் போகிறாய் என்றால் பொலிசில் அனுமதி எடு. இரவு 10 மணிக்கும் காலை 6 மணிக்கும் இடையில் ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுக்கக் கூடாது என்று உயர் நீதிமன்றம் 2007இலேயே சொல்லிவிட்டது. பாங்கு சொன்னால் நிறுத்து. கோயில் மணி அடித்தால் நிறுத்து. பூசை நடக்கிற இடத்தில் நோட்டீஸ் நீட்டாதே. மடு மாதாவிடம் நேர்த்தியோடு நடந்து வருகிற சனத்தை நேர்த்தியோடு விடு. மரியாதை தெரிந்தவனுக்குத்தான் இந்த ஊர் இரண்டாம் தடவை கதவைத் திறக்கும்.

ஆனால் உதைபந்தாட்ட மைதானம் இருக்கிறதே, அது உன்னுடையது! மன்னாரில் பந்து உருண்டால் சனம் கூடும். இடைவேளை நேரத்தில் ஒழுங்குபடுத்துபவர்களிடம் கேட்டு ஒலிவாங்கியை வாங்கு. கெஞ்சாமல் கேள். மறுத்தால் அடுத்த போட்டியில் கேள். கிடைத்ததும் அன்றைக்கு விளையாடுகிற இரண்டு ஊரின் பெயரையும் வைத்து நாலு வரி அந்த இடத்திலேயே கட்டிப் பாடு.

கலிபோர்னியாவின் ஓக்லண்டில் டூ ஷோர்ட் என்ற ராப்பர் 1980களின் தொடக்கத்தில் இதைத்தான் செய்தார். கேட்டு வந்தவர்களின் பெயரைப் போட்டே பாட்டுக் கட்டி, கசெட்டில் பதிந்து கையோடு விற்றார். தன் பெயர் பாட்டில் வந்தால் எந்த மனிதன் அதை நாலு பேருக்குப் போட்டுக் காட்டாமல் இருப்பான்?

அப்படியானால் தாழ்வுபாட்டுக்கு ஒரு வரி எழுது. அரிப்புக்கு ஒரு வரி எழுது. சிலாவத்துறைக்கு, நானாட்டானுக்கு, முருங்கனுக்கு எழுது. ஊருக்குள் நுழையும்போது அந்த வரியோடு நுழை!

கச்சான் கடை அம்மாவிடம் போ. அவர் பழைய தாளில்தான் சுருள் சுற்றுகிறார். ஒரு பக்கம் மட்டும் அச்சடித்த உன் நோட்டீஸ் ஒரு கட்டைக் கொடு. எழுத்து வெளிப்பக்கம் வரச் சுற்றச் சொல். கச்சான் தின்கிற மனிதன் கையில் வேறு வேலை இல்லை. சுருளைத் திருப்பித் திருப்பி வாசிப்பான்!

இப்போது பயத்துக்கு வருகிறேன். எனக்குத் தெரியும், மா வாங்கக் காசில்லாமல் நீ நிற்கவில்லை. பயத்தில்தான் நிற்கிறாய்.

மன்னார் பஸ் நிலையத்தில் முதல் நோட்டீசை நீட்டும்போது உன் கை நடுங்கும். வருகிற முதல் ஆளே உன் ஒன்றுவிட்ட மாமாவாக இருப்பார். "என்னடா, படிப்பை விட்டிட்டுக் கூத்தாடித் திரியிறாய்?" என்பார். சுற்றி நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். உன் காது சூடாகும்.

நின்றுவிடு! அங்கேயே நின்றுவிடு!

கூத்து என்றாரா? ஓம் மாமா, கூத்துத்தான் என்று சொல்லு! இந்த மண்ணில் அண்ணாவியார்கள் இரவிரவாகக் கூத்துப் பழக்கியிருக்கிறார்கள். பகல் முழுக்கக் கடலிலும் வயலிலும் நின்ற மனிதர்கள் இரவில் சலங்கை கட்டி ராசாவாக நின்றிருக்கிறார்கள். விடியும்வரை ஊர் பாய் விரித்துப் பார்த்திருக்கிறது. உன் ராப் அந்தக் களரிக்கு வந்த புதுப்பிள்ளை!

அடுத்தவர் நோட்டீசை வாங்கி, பார்க்காமலே கசக்கி எறிவார். அதை நீ குனிந்து எடு. தொடையில் வைத்து நீவு. அடுத்த கைக்குக் கொடு. எறிந்தவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே செய்! உன்னை அவர் மறக்க மாட்டார்.

பத்துப் பேர் சிரித்தால் என்ன? உன் முதுகுக்குப் பின்னால் சிரிக்கிற வாய்க்குச் சோறு போடுகிறவன் நீயா? சிரிப்பு முடிந்ததும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். நீ மட்டும் அந்தச் சிரிப்பை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய் வருஷக்கணக்கில் வளர்க்கிறாய்!

பதினோராவது ஆளைப் பார். ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை. வாங்கியதும் அந்த இடத்திலேயே போனை எடுத்து ஸ்கேன் பண்ணுகிறது. ஒரு காதில் மட்டும் வைத்துக் கேட்கிறது. பஸ் வருகிறது. ஏறாமல் நின்று கேட்கிறது.

அந்தப் பிள்ளையின் பெயரைக் கேள். எந்த ஊர் என்று கேள். நிகழ்ச்சிக்கு வருமாறு சொல். வந்தால் மேடையில் அந்தப் பெயரைச் சொல்லு!

அந்த ஒரு பிள்ளை உனக்குத் தங்கம். ஆயிரம் பேர் விரலால் தள்ளிவிட்டுப் போகிற வீடியோவைவிட, பஸ்ஸை விட்டுவிட்டு நின்று கேட்ட அந்த ஒரு பிள்ளை பெரிது. அந்தப் பிள்ளை ஐந்து பேரைக் கூட்டிவரும். போன் உனக்கு எதிரி என்று நான் சொல்லவில்லை. தெருவில் சம்பாதித்த மனிதரை வட்ஸ்அப்பில் சேர்த்து வை. ஊருக்கு ஒரு குழு தொடங்கு. முதலில் மனிதர், பிறகு போன்.

ஆள் பலம் இல்லை என்றும் சொல்வாய். எத்தனை பேர் வேண்டும்? ஓட்டோ ஓட்ட ஒருவர். பசை பூச ஒருவர். கமெரா பிடிக்க ஒருவர். நோட்டீசும் கணக்கும் பார்க்கச் சிண்டியைப் போல ஒரு தங்கச்சி. பாடுகிறவனும் வாளி தூக்க வேண்டும்! மேடையில் நிற்பவன் என்று ஓட்டோவுக்குள் இருந்துகொண்டு மற்றவர்களை வேலை வாங்குகிறவனுக்கு அடுத்த ஊருக்கு யாரும் கூட வர மாட்டார்கள்.

கூட வருகிற நண்பனே, உனக்கும் ஒன்று சொல்கிறேன். மேடையில் உன் பெயரைச் சொல்லாமல் விடலாம். கைதட்டல் உனக்கு வராமல் போகலாம். அதற்காக வாளியைக் கீழே வைக்காதே. சிண்டி காம்பெல் தட்டுப் போடவில்லை. அவர் அட்டை எழுதாமல் இருந்திருந்தால் அந்த மண்டபத்துக்கு யார் வந்திருப்பார்கள்?

முதல் நிகழ்ச்சிக்கு ஏழு பேர் வரலாம். நாற்காலி எல்லாம் வெறுமையாகக் கிடக்கும். தொண்டை அடைக்கும். ஏழு பேருக்கும் எழுபதாயிரம் பேருக்குப் பாடுகிற மாதிரிப் பாடு! முடிந்ததும் இறங்கி ஏழு பேரின் கையையும் பிடித்து நன்றி சொல். "எந்த வரி பிடிச்சது?" என்று கேள். "எது பிடிக்கேல்லை?" என்றும் கேள். சொல்வார்கள். முகத்துக்கு நேரே சொல்வார்கள். நம்முடைய சனம் அதில் குறை வைக்காது. அதை வாங்கிக்கொள். அந்த இரவே வரியைத் திருத்து.

அடுத்த நிகழ்ச்சிக்கு ஏழு பேர் இருபதானால் முன்னேற்றம். ஏழு பேர் ஐந்தானால்? மறுபடி பசை காய்ச்சு!

தீவு முடிந்ததா? பாலத்தைக் கட. தள்ளாடி தாண்டு. ஏ32 வீதி உன் முன்னால் நீளமாகக் கிடக்கிறது. விடத்தல்தீவு. இலுப்பைக்கடவை. வெள்ளாங்குளம். முழங்காவில். ஒவ்வொன்றிலும் ஒரு தேநீர்க் கடை, ஒரு சலூன், ஒரு மைதானம், வேலை முடிந்து மதகில் குந்தியிருக்கிற இளைஞர் கூட்டம். இறங்கு. பேசு. பாடு. ஒட்டு. ஏறு.

பெரிய பாடகர்களின் விளம்பர வாகனம் எதுவும் அந்த ஊர்களில் நிற்காது. வேகமாகக் கடந்து போய்விடும். நீ நில்! தங்கள் ஊரில் இறங்கிப் பாடின முதல் ராப்பர் யார் என்று கேட்டால் அந்தப் பிள்ளைகள் உன் பெயரைச் சொல்லட்டும்.

பூநகரி வந்துவிடும். 2011இல் திறந்த சங்குப்பிட்டிப் பாலம் வந்துவிடும். கடல் நீரேரிக் காற்றில் நோட்டீஸ் கட்டை இறுக்கிப் பிடி. நாவற்குழி தாண்டினால் யாழ்ப்பாணம்.

யாழ்ப்பாணப் பஸ் நிலையத்தில் உன்னை ஒருவருக்கும் தெரியாது. உன் ஊரைச் சொன்னால் "மன்னாரோ? அங்கயும் ராப் பாடுறவையோ?" என்று கேட்பார்கள்.

ஓம் என்று சொல்லு! கட்டைப் பிரி. முதல் நோட்டீசை நீட்டு!